காட்டுப்பன்றியின் மண்டை ஓடு கற்றுத் தரும் பாடம்

மக்காச்சோளம் பால் பிடிக்கும் தருணம், நிலக்கடலை காய் திரளும் தருணம், மரவள்ளியில் கிழங்கு பருக்கும் தருணம். இந்த மூன்றும் மலையடிவாரத்து விவசாயிக்குத் தூக்கம் இல்லாத நாட்கள். மாதக் கணக்கில் பாடுபட்டு வளர்த்த பயிரை ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழுது போட்டுவிட்டுப் போய்விடுகிறது. சேலைகளைக் கட்டிப் பார்க்கிறோம். தகர டப்பாவைத் தட்டிப் பார்க்கிறோம். கடன் வாங்கிக் கம்பி வேலியும் போடுகிறோம். வேலி இடுப்பு உயரத்துக்குக் கம்பீரமாக நிற்கிறது. பன்றியோ அதன் அடியில் புகுந்து உள்ளே போய்விடுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? வேலி போடும்போது நாம் நம்முடைய உயரத்தையும், மாட்டின் உயரத்தையும் மனத்தில் வைத்துக் கொள்கிறோம். பன்றியின் தலை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு விலங்கு எதைத் தின்னும், எப்படித் தோண்டும், எதற்கு அஞ்சும் என்பதையெல்லாம் அதன் தலையெலும்பே சொல்லிவிடும். உயிருள்ள காட்டுப்பன்றியின் அருகில் போய் அதன் தலையைப் பார்க்க முடியாது. ஆனால் அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்திருக்கும் மண்டை ஓடுகளை ஆற அமரப் பார்க்கலாம். அவற்றிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் அறிந்தவற்றையும், அவை நம் வயலுக்கு எப்படிப் பயன்படும் என்பதையும் இங்கே காண்போம்.

எலும்பை ஏன் காப்பாற்றி வைக்கிறார்கள்?

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பட்டணத்து மக்கள் ஒரு காலத்தில் இதனைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வது வழக்கம். வேடிக்கையான பெயர்தான் என்றாலும், அதில் உண்மை இல்லாமல் இல்லை. செத்த உடலும் பாடம் சொல்லும். கல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகம் இதைவிடப் பழையது. அது 1814இல் ஏற்பட்டது. நாட்டிலுள்ள விலங்குகளைப் பற்றி ஆராய்வதற்கென்றே இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916இல் அமைக்கப்பட்டது. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1911ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஆட்களை அனுப்பிப் பாலூட்டிகளின் தோலையும் மண்டை ஓட்டையும் சேகரித்தது.

இப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு மண்டை ஓட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. எந்த ஊரில் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது, ஆணா பெண்ணா, சேகரித்தவர் யார் என்ற விவரம் அதில் இருக்கும். மண்டை ஓடும் கீழ்த்தாடையும் தனித்தனித் துண்டுகள் ஆகையால், இரண்டிலும் ஒரே எண்ணை மசியால் எழுதி வைப்பார்கள். இந்தச் சீட்டுத்தான் உயிர்நாடி. சீட்டு இல்லாத மண்டை ஓடு சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்தான். எந்த ரகம், எப்போது விதைத்தது என்று தெரியாத விதை மூட்டையைப் போன்றது அது.

மண்டை ஓட்டைப் பதப்படுத்துவதிலும் பக்குவம் வேண்டும். சதையை முடிந்த மட்டும் நீக்கிவிட்டு, தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு மீதியை அழுகச் செய்வது ஒரு முறை. உலர்ந்த ஊனைத் தின்னும் ஒருவகை வண்டுகளை விட்டுச் சுத்தம் செய்வது மற்றொரு முறை. கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் பல் வெடிக்கும். மூக்கினுள் உள்ள மெல்லிய எலும்புகள் கழன்றுவிடும். சுத்தமான எலும்பை நிழலில் உலர்த்தி, பூச்சி அண்டாத பெட்டிகளில் வைக்கிறார்கள். பழைய காலத்துத் தோல் மாதிரிகளுக்குப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாஷாணம் தடவும் வழக்கம் இருந்தது. அதனால்தான் அருங்காட்சியகப் பொருள்களைத் தொடக்கூடாது என்கிறார்கள்.

ஒரே ஒரு மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு யாரும் முடிவு கட்டுவதில்லை. ஒரு கதிரைப் பார்த்து வயல் முழுவதும் என்ன விளையும் என்று மதிப்பிட முடியாது அல்லவா? அதுபோலக் குட்டி, இளசு, கிழடு, ஆண், பெண் என்று பலவற்றையும் வரிசையாக வைத்து, அளவுக் கருவியால் நீளம், அகலம், உயரம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

தலை முழுவதும் ஓர் ஏர்

காட்டுப்பன்றிக்கு 1758இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 'சூஸ் ஸ்குரோபா' என்று அறிவியல் பெயர் வைத்தார். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்குக் கோடி வரை பரவியுள்ள இந்த இனத்தில், நம் நாட்டுப் பன்றி தனிப் பிரிவாகக் கருதப்படுகிறது. 'கிரிஸ்டேட்டஸ்' என்பது அதன் பெயர். பிடரியிலிருந்து முதுகு நெடுகச் சிலிர்த்து நிற்கும் மயிரைக் குறிப்பது இது. ஐரோப்பியப் பன்றியைவிட நம் பன்றியின் மண்டை ஓடு நேராக அமைந்தது.

நன்கு வளர்ந்த ஆண்பன்றியின் மண்டை ஓடு ஏறத்தாழ ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் முக்கோண வடிவில், ஆப்பைப் போலத் தெரியும். மூக்கு நுனி கூர். அங்கிருந்து நெற்றி வழியாகக் கோடு இழுத்தாற்போல் ஏறிப் போய், பின்மண்டையில் உயர்ந்த முகடாக முடிகிறது. இதை நம் கலப்பையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

கலப்பைக்குக் கொழு எப்படியோ, அப்படிப் பன்றியின் மூக்கு நுனியில் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் இல்லாத எலும்பு இது. வட்டமான மூக்குத் தட்டுக்கு உள்ளே இருந்து அதற்கு முட்டுக் கொடுக்கிறது. வெளியே பார்க்க மெத்தென்று இருக்கும் மூக்கு, கெட்டி மண்ணைப் பிளப்பது இந்த எலும்பின் பலத்தால்தான். மண்டை ஓட்டோடு இது குருத்தெலும்பால் மாத்திரம் இணைந்திருப்பதால், சுத்தம் செய்யும்போது கழன்று தொலைந்து போவது உண்டு. அருங்காட்சியகத்தில் பன்றி மண்டை ஓட்டின் மூக்கு நுனி வெறுமையாக இருந்தால், அங்கே ஒரு கொழு இருந்தது என்று நினைத்துக் கொள்ள வேண்டும்.

நீண்ட முகம்தான் ஏர்க்கால். இழுக்கும் காளை எங்கே? அது பின்மண்டையில் இருக்கிறது. உயர்ந்து நிற்கும் அந்த எலும்பு முகட்டில்தான் கழுத்தின் பெரிய தசைகள் வந்து பற்றுகின்றன. பன்றிக்குக் கழுத்தே இல்லாதது போல் தோன்றுவதற்குக் காரணம், அத்தனையும் தசைக்கட்டாக இருப்பதுதான். மூக்கை மண்ணில் ஊன்றித் தலையை மேல்நோக்கி நெம்பும்போது, முகம் முழுவதும் கடப்பாரையாக வேலை செய்கிறது. நீளமான கடப்பாரை சிறு பாறையையும் புரட்டுவது போல, நீண்ட முகம் கல்லையும் வேரையும் வேலியின் அடிக்கம்பியையும் புரட்டிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பன்றியின் தலை, கீழிருந்து மேலே தூக்குவதற்காக அமைந்தது. ஆகவே எந்தத் தடையையும் அது முதலில் அடியில்தான் சோதிக்கும். மேலே ஏறித் தாண்டுவது அதற்கு இரண்டாம் பட்சம். அடி தளர்ந்த வேலி ஆறடி உயரம் இருந்தாலும் பயன் இல்லை.

கண் சிறிது, மூக்கு பெரிது

மண்டை ஓட்டில் கண் குழிகள் உயரத்தில், பின்னால் தள்ளி, பக்கவாட்டில் இருக்கின்றன. இவை அளவில் சிறியவை. மாட்டின் கண் குழியைச் சுற்றி எலும்பு வளையம் முழுதாக இருக்கும். பன்றிக்கு அந்த வளையம் பின்பக்கம் திறந்திருக்கும். பக்கங்களில் நடமாட்டத்தைக் கண்டுகொள்ள இந்த அமைப்பு போதும். தூரத்தில் அசையாமல் நிற்பதைக் கூர்ந்து அறிய இது உதவாது. இரவில் இரை தேடும் பன்றி கண்ணை நம்பி நடப்பதில்லை.

அது நம்புவது மூக்கை. மண்டை ஓட்டைக் குறுக்கே வெட்டி வைத்திருக்கும் மாதிரிகளில் இதனைத் தெளிவாகப் பார்க்கலாம். மூக்கு அறைக்குள் காகிதச் சுருள் போல மெல்லிய எலும்புகள் சுருண்டு சுருண்டு இருக்கின்றன. உயிரோடு இருக்கும்போது இந்தச் சுருள்களின் மேல் ஈரமான சவ்வு படர்ந்திருக்கும். அதன் பின்பகுதியில்தான் மோப்ப நரம்புகள் இருக்கின்றன. சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைக்கச் செய்த ஏற்பாடு இது. வாசனையை உணர்வதற்கென்று பன்றியின் மரபணுக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதைக் கண்டறிந்திருக்கிறார்கள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் கடலைக் காயையும் கிழங்கையும் அது நேராகப் போய்த் தோண்டுவதன் இரகசியம் இதுவே.

நெற்றி எலும்பு உயரமாக இருப்பதைப் பார்த்து மூளை பெரிது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த உயரத்தில் பெரும்பகுதி காற்று அறைகள். மூளை உள்ளே தள்ளிச் சிறிய பெட்டிக்குள் இருக்கிறது. ஆனாலும் பன்றி சாமர்த்தியமான விலங்கு. ஒரு பொம்மையோ, ஒரு சத்தமோ, ஒரு நாற்றமோ தனக்குத் தீங்கு செய்வதில்லை என்று சில இரவுகளில் தெரிந்து கொள்ளும். சேலையும் டப்பாவும் முதலில் பலித்துப் பிறகு பலிக்காமல் போவது அதனால்தான். மோப்பத்தால் விரட்டும் பொருள்களை மழைக்குப் பிறகு புதுப்பிக்காவிட்டாலும், ஒரே பொருளையே நெடுநாள் வைத்திருந்தாலும் கதை இதுதான்.

நாற்பத்து நான்கு பற்கள்

வளர்ந்த பன்றிக்கு 44 பற்கள். மேல்தாடையில் 22, கீழ்த்தாடையில் 22. ஒவ்வொரு பக்கமும் மூன்று வெட்டுப்பற்கள், ஒரு கோரைப்பல், நான்கு முன்கடைவாய்ப் பற்கள், மூன்று கடைவாய்ப் பற்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது என்பது நமக்குத் தெரியும். பன்றிக்கு எல்லாப் பல்லும் உண்டு. எதையும் தின்னக்கூடிய வாய் அது.

கீழ்த்தாடையின் முன்பற்கள் நேராக நிற்காமல், மண்வெட்டியின் அலகு போல முன்னோக்கிப் படுத்திருக்கும். மூக்கால் மண்ணைத் தள்ளியபின், கிழங்கையும் வேரையும் கெல்லி எடுப்பதற்கு இவை உதவுகின்றன. கடைவாய்ப் பற்கள் மாட்டின் பல்லைப் போல மடிப்பு மடிப்பாக இராது; நம்முடைய கடைவாய்ப் பல்லைப் போல மொட்டு மொட்டாக, கெட்டியான பூச்சோடு இருக்கும். தானியத்தையும் கிழங்கையும் நசுக்க இது ஏற்றது. புல்லை மட்டும் அரைத்து வயிற்றை நிரப்ப இந்தப் பல்லால் ஆகாது. மாவும் எண்ணெயும் இனிப்பும் நிறைந்த நம் பயிர்களை நாடி அது வருவதற்கு இந்தப் பல் அமைப்பும் ஒரு காரணம்.

பல்லை அறிந்தவர்கள் வயலில் விழுந்த சேதத்தைப் பார்த்தே யார் வந்தது என்று சொல்லிவிடலாம். கரும்பை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட்டுப் போயிருந்தால், கடலைக் காட்டில் அகலமான சால் போல மண் புரண்டிருந்தால், அது பன்றியின் வேலை. கிழங்கிலோ மரப்பட்டையிலோ உளியால் செதுக்கியது போல இரண்டிரண்டு பல் தடங்கள் தெரிந்தால், அது முள்ளம்பன்றி. பெயரில் பன்றி இருந்தாலும் அது எலி, அணில் இனத்தைச் சேர்ந்த கொறிக்கும் விலங்கு. இரண்டுக்கும் பாதுகாப்பு முறை வேறு. எதனால் சேதம் என்று தெரியாமல் செலவு செய்வது வீண்.

கோரைப்பல்லின் கூர்மை

ஆண்பன்றியின் கோரைப்பல்லைக் கண்டு அஞ்சாதவர் இல்லை. வெளியே தெரிவது அதன் ஒரு பகுதிதான். கீழ்த்தாடை எலும்பைப் பிளந்து வைத்த மாதிரியில் பார்த்தால், பல்லின் பெரும்பகுதி தாடைக்குள் வளைந்து புதைந்திருப்பது தெரியும். இந்தப் பல்லுக்கு வேர் மூடுவதில்லை. ஆகவே ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். மேல் கோரைப்பல் வெளிப்பக்கமாக மேல்நோக்கி வளைந்திருக்கும். வாயை அசைக்கும்போதெல்லாம் கீழ்ப்பல் மேல்பல்லின் மீது உரசுகிறது. மேல்பல் சாணைக்கல், கீழ்ப்பல் கத்தி. அதனால் கீழ்க் கோரைப்பல்லின் விளிம்பு எப்போதும் தீட்டியபடியே இருக்கும்.

பெண்பன்றியின் கோரைப்பல் சிறியது. ஓர் அளவோடு வளர்ச்சி நின்றுவிடும். சீட்டுத் தொலைந்துபோன மண்டை ஓட்டிலும் ஆண் பெண் என்று பிரித்தறிய இது முதல் அடையாளம். காயம்பட்ட ஆண்பன்றி கீழிருந்து மேலாகத் தலையை வீசிக் கிழிக்கும். மனிதனுக்குத் தொடையில் காயம் விழுவது இதனால்தான். வலையிலோ கண்ணியிலோ சிக்கிய பன்றியை நெருங்குவது உயிருக்கு ஆபத்து. குட்டியோடு இருக்கும் பெண்பன்றியிடமும் விலகியே இருக்க வேண்டும். கோரைப்பல் சிறிதானாலும் அது கடித்துக் காயப்படுத்தும்.

பல் பார்த்து வயது சொல்வது

இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று சந்தையில் மாட்டுக்கு வயது பார்க்கிறோம். பன்றிக்கும் அப்படியே. மாட்டில் முன்பல்லைப் பார்க்கிறோம். பன்றியில் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது நல்லது. குட்டி பிறக்கும்போதே ஊசி போன்ற எட்டுப் பற்கள் இருக்கும். பால்பற்கள் மொத்தம் 28. நிலையான முதல் கடைவாய்ப் பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கும். இரண்டாவது, ஒரு வயது முடியும் சமயத்தில் அல்லது சற்றுப் பின்னர் முளைக்கும். மூன்றாவது, இரண்டு வயதை ஒட்டி எட்டிப் பார்த்து, அதன் பிறகு மெல்ல மெல்ல முழுவதும் வெளிவரும். இந்தக் கடைசிப் பல் மிக நீளமானது. முதல் இரண்டையும் சேர்த்தால் வரும் நீளத்துக்கு ஏறக்குறைய நெருங்கும். அதன்பின் வயதைச் சொல்வது தேய்மானம்தான். மொட்டுகள் மழுங்கி, உள்ளே உள்ள பழுப்பு நிறம் அகலமாகத் தெரிந்தால் கிழட்டுப் பன்றி.

இது வெறும் புத்தகப் படிப்பு அல்ல. ஒரு வட்டாரத்தில் இறந்த பன்றிகளின் கீழ்த்தாடைகளை அலுவலர்கள் பார்த்துக் குறித்து வைத்தால், அங்கே ஒரு வயதுக்கு உட்பட்டவை எத்தனை, வளர்ந்த பெண்பன்றிகள் எத்தனை என்று தெரியவரும். இளசுகள் மிகுந்திருந்தால் கூட்டம் பெருகி வருகிறதா என்று ஆராய வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்க எடுக்கும் நடவடிக்கை பலிக்கிறதா என்பதையும் பல ஆண்டுத் தாடைகளை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

காட்டுப் பன்றியா, வீட்டுப் பன்றியா?

வீட்டுப் பன்றியும் காட்டுப் பன்றியின் வழிவந்ததுதான். ஆனால் மண்டை ஓடு மாறிவிட்டது. காட்டுப்பன்றியின் முகக் கோடு நேராக இருக்கும். சீமைப் பன்றிகளின் முகமோ நடுவில் குழிந்து, குட்டையாகி, நெற்றி செங்குத்தாக எழும்பியிருக்கும். கண் குழிக்கு முன்னால் உள்ள கண்ணீர் எலும்பும் வீட்டுப் பன்றிக்குக் குறுகிவிட்டது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஃபான் நாதூசியுஸ் என்ற பண்ணையாளர் பன்றி மண்டை ஓடுகளைச் சேகரித்து ஒப்பிட்டு 1864இல் நூல் வெளியிட்டார். இளமையில் நல்ல தீனி கிடைத்தால் தலை அகன்று குட்டையாகவும், தீனிப் பஞ்சம் ஏற்பட்டால் நீண்டு ஒடுங்கியும் வளர்கிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்பு விலங்குகள் பற்றிய நூலில் இவருடைய ஆராய்ச்சியைப் பெரிதும் பயன்படுத்திக் கொண்டார். அண்மைக் காலத்தில் பிரான்ஸ் நாட்டில் காட்டுப்பன்றிக் குட்டிகளைப் பிடித்து அடைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அந்த ஒரு தலைமுறையிலேயே மண்டை ஓட்டின் வடிவத்தில் வேறுபாடு தெரிந்தது. மண்ணைத் தோண்டும் வேலை குறைந்தால் தசையின் இழுப்பும் எலும்பின் வளர்ச்சியும் மாறும் அல்லவா?

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய எலும்பு, பல் ஆகியவற்றிலிருந்தும் மரபணுவை எடுத்து, அறுநூற்றுக்கும் மேற்பட்ட பன்றிகளை ஒப்பிட்டார்கள். ஒரே இடத்தில் அல்லாமல், ஐரோப்பா ஆசியா கண்டங்களின் பல இடங்களில் மனிதன் பன்றியைத் தனித்தனியே பழக்கினான் என்று அதிலிருந்து தெரிய வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சீட்டு எழுதி வைத்த எலும்பு, அவர் கனவிலும் நினைக்காத கேள்விக்கு இன்று விடை தருகிறது.

இவ்விரண்டும் ஒரே இனம் ஆகையால் கலந்து குட்டி போடும். வீட்டுப் பன்றிகளை அவிழ்த்து விட்டு வளர்க்கும் கிராமங்களில் இது நடக்கக்கூடும். பன்றி வளர்ப்போர் அவற்றைக் கொட்டிலில் அடைத்து வளர்ப்பதே அவர்களுக்கும் அண்டை வயல்காரருக்கும் நல்லது.

வயலில் செய்ய வேண்டியவை

மண்டை ஓடு சொன்னதை இப்போது வேலிக்குக் கொண்டு வருவோம்.

முதலாவது, வேலியின் பலம் அடியில் இருக்க வேண்டும். வலைக்கம்பி வேலி போடுவோர் அதன் அடிப்பகுதியை நேராக மண்ணில் நிறுத்திவிடாமல், வயலுக்கு வெளிப்புறமாக ஒரு முழம் மடித்துத் தரையோடு படுக்க வைத்து, முளை அடித்து மண் போட வேண்டும். பன்றி வேலியின் காலடியில்தான் தோண்டத் தொடங்கும். தோண்டும் இடத்தில் வலை அதன் காலுக்கடியிலேயே கிடந்தால் நெம்ப முடியாது.

இரண்டாவது, சூரிய மின்வேலி போடுவோர் கம்பியின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். பன்றியின் உடலில் முரட்டு மயிரும் தடித்த தோலும் இருப்பதால் மின் அதிர்ச்சி எளிதில் உறைக்காது. ஈரமும் நரம்பும் நிறைந்த மூக்குத் தட்டில்தான் உறைக்கும். புதிய பொருளைப் பன்றி முதலில் மூக்கால் தொட்டே பார்க்கும். ஆகவே முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாண், அதாவது 20 முதல் 25 செ.மீ. உயரத்திலும், இரண்டாவது கம்பி இரண்டு சாண், அதாவது 45 முதல் 50 செ.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். பன்றியை மட்டும் தடுக்க இந்த இரண்டு கம்பிகள் முக்கியம். இடுப்பு உயரத்தில் மூன்று கம்பி இழுத்து அடியைத் திறந்து விடுவது பணத்தை விரயம் செய்வதாகும்.

மூன்றாவது, அடிக்கம்பியில் புல் பூண்டு படக்கூடாது. பட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கி, வேலி பெயரளவில்தான் இருக்கும். வாரம் ஒருமுறை களை நீக்குங்கள். எர்த் கம்பியை ஈரம் நிற்கும் இடத்தில் ஆழமாக இறக்குங்கள். வாய்க்காலும் ஓடையும் வேலியைக் கடக்கும் இடங்களில் பள்ளத்துக்கு ஏற்றபடி கம்பியைத் தாழ்த்துங்கள். பன்றி கண்டுபிடிக்கும் முதல் சந்து அதுதான்.

நான்காவது, பயிரில் பால் பிடிப்பதற்கு முன்பே வேலி உயிர் பெற்றிருக்க வேண்டும். ருசி கண்டுவிட்ட பன்றி ஓர் அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டும் உள்ளே பாயும். ருசி அறியாத பன்றி முதல் அதிர்ச்சியிலேயே திரும்பிவிடும்.

செய்யக் கூடாதவை

வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம். மின்வேலிக்கென உள்ள கருவி, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, கண நேரம் மாத்திரம் மின்துடிப்பை அனுப்பும். அது உயிரைப் பறிப்பதில்லை. நேர் மின்சாரமோ தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் பிள்ளைகளையே பறித்துவிடும். மின்வேலி அமைப்பதற்குத் தமிழ்நாடு அரசு 2023இல் தனி விதிகளை வகுத்துள்ளது. வேலி போடுமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, உரிய பதிவும் அனுமதியும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அவுட்டுக்காய் வைப்பதும் கூடாது. பன்றியின் தாடையைக் குறி வைக்கும் அந்த வெடி, மேயப்போகும் மாட்டின் தாடையையும் யானையின் வாயையும் வேறுபாடு இல்லாமல் சிதைக்கிறது. 2020 மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்றிருந்த யானை ஒன்று, வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் ஆற்றில் நின்றபடியே இறந்தது.

காட்டுப்பன்றி, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. நாமாகக் கொல்வது குற்றம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. பயிர்ச் சேதம் ஏற்பட்டால் மண் புரண்ட அடையாளம் அழியுமுன் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறைக்கும் தெரிவித்து இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வயலோரத்தில் பன்றியின் மண்டை ஓடோ கோரைப்பல்லோ கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அனுமதியின்றி வைத்திருப்பது சட்டச் சிக்கலைக் கொண்டு வரும். செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடவே கூடாது. 2020இல் இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளையும் சாய்த்தது. மனிதரை அது தாக்காது. ஆனால் செருப்பிலும் கத்தியிலும் ஒட்டிவந்து கொட்டிலில் உள்ள வளர்ப்புப் பன்றிகளை அழித்துவிடும். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த முறை நகரத்துக்குப் போகும்போது அருங்காட்சியகத்தில் விலங்குகளின் எலும்புப் பகுதியைச் சற்று நின்று பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பன்றி மண்டை ஓடு அங்கே இருந்தால் மூக்கு நுனி, முகக் கோடு, பின்மண்டை முகடு, கீழ் முன்பல், கடைசிக் கடைவாய்ப்பல் ஆகிய ஐந்தையும் கவனியுங்கள். ஊர் திரும்பியதும் வேலியின் மேல்கம்பியை விட்டுவிட்டு, குனிந்து அடிக்கம்பியைச் சாணால் அளந்து பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தால், இன்றே இறக்கிக் கட்டுங்கள்.